பல் சொன்ன ஈரப்பதம்

முப்பத்து நான்காவது வயதில் நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. அப்படிப் போட்டவர்கள், நிஜமாகவே ஒருத்தி அந்த வயதில் வந்து நிற்பாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். சேர்க்கை நாளன்று மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, என் பக்கத்தில் துணைக்கு நின்ற என் மகளைப் பார்த்து, "நீதானம்மா சேரப்போற?" என்று கேட்டார். அவள் அப்போது பத்தாம் வகுப்பு.

"அவ ஸ்கூலுக்குப் போவுறா சார். சேரப்போறது நான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் அவரை அப்படியே பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். வாயும் நீளம். அவை இல்லையென்றால் இந்தக் கதையே நடந்திருக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த பிரிவுக்கு இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் என்று பெயர். ஆலைகளில் அழுத்தம், வெப்பம், மட்டம், ஈரப்பதம் என்று எதை எதையெல்லாம் அளக்கிறார்களோ அந்தக் கருவிகளைப் பொருத்துவதும், அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதும்தான் படிப்பு. எங்கள் ஊரில் அதைச் சொன்னபோது, "இன்ஸ்ட்ருமென்டா? நாதஸ்வரமா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். திருவையாற்றுப் பக்கத்து ஊர் என்றால் அப்படித்தான் கேட்பார்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்றால், அதற்குக் காரணமும் ஒரு கோபம்தான். அதற்கு முன் ஆறு வருஷம் ஒரு நவீன அரிசி ஆலையில் மூட்டை பிடிக்கிற பிரிவில் வேலை செய்தேன். ஒரு நாள் காலையில் பாய்லர் நின்றுவிட்டது. நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். திருச்சியிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். சட்டை மடிப்புக் கலையவில்லை. சுவரில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார், கம்பி ஒன்றைக் கழற்றி மாட்டினார், ஸ்க்ரூ டிரைவரால் எதையோ அரைத் திருப்பு திருப்பினார். ஆலை ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ஆறு வருஷமாகத் தினமும் அந்தப் பெட்டியைக் கடந்துதான் நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லையே என்று இருந்தது.

என் தோழியிடம் சொன்னேன். அவளும் நானும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நான் மூட்டையில் அரிசி பிடித்து நிறுத்துக் கொடுப்பேன், அவள் மிஷினால் வாயைத் தைப்பாள். ஆறு வருஷமும் அதே ஜோடி. "போய்ப் படிடி" என்றாள் உடனே. "இங்க உக்காந்து பொலம்புறத விட அது எவ்வளவோ மேலு. எனக்காவது காது மிஞ்சும்."

என் வீட்டுக்காரர் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். சீசனுக்கு இரண்டு மாதம் வெளி மாவட்டங்களில் இருப்பார். போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மிஷினு சென்சாரு போச்சுன்னா இனிமே ஒன்ன கூப்புட்டா போதும்ல" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மில் மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் தலை நிமிராமல், "முடிச்சிட்டு வா, பாக்கலாம்" என்றார். அதையும் நான் வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டேன். எதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். என்னைத் தவிர எல்லோருக்கும் பதினாறு, பதினேழு வயது. முதல் வாரம் என்னை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். பிறகு அக்கா ஆனேன். ஒரு பிள்ளை வாய் தவறி "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. பயிற்சி கொடுக்கிற சாருக்கு என்னைவிட நான்கைந்து வயது குறைவு. அவருக்கு என்னை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை. மற்றவர்களை "டேய்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் திட்டிவிடுவார். என்னிடம் வரும்போது மட்டும் "இல்லக்கா, என்னன்னா…" என்று இழுப்பார்.

தினமும் காலையில் தஞ்சாவூருக்கு பஸ். ஆறு ஆறாகப் பாலம் தாண்டிப் போகும். ஆனி கடைசியில் தண்ணீர் வந்துவிட்டால் ஜன்னலோரத்தில் இடம் பிடிக்கப் பெரிய போட்டி நடக்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்த்ததில்லை. மடியில் நோட்டு. என் மகள் எனக்காக ஆங்கில வார்த்தைகளுக்குத் தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுத்திருப்பாள், பஸ் குலுங்கக் குலுங்க அதை மனப்பாடம் செய்வேன். சாயங்காலம் அவளே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாள். தப்புச் சொன்னால் உச்சுக் கொட்டுவாள். நான் அவளை என்னவெல்லாம் செய்தேனோ, எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தாள்.

அந்த இரண்டு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. நாலு மில்லியாம்பியர் கணக்கைச் சொல்லிக் கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஒன்றுமே இல்லை என்றால் கருவி பூஜ்யம் மின்சாரம் அனுப்பாதாம், நாலு அனுப்புமாம். தொட்டி நிறைந்தால் இருபது. ஏன் பூஜ்யத்தில் ஆரம்பிக்கக் கூடாது என்று கேட்டேன். "கம்பி அறுந்து போச்சுன்னாலும் பூஜ்யம்தானேக்கா வரும்? தொட்டி காலியா, கம்பி அறுந்துச்சான்னு எப்புடித் தெரியும்?" என்றார் சார். நாலு வந்தால் கருவி உயிரோடு இருக்கிறது, சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். பூஜ்யம் வந்தால் செத்துவிட்டது. இதை யோசித்தவன் வாழ்க என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று இரவுச் சாப்பாட்டின் போது வீட்டுக்காரரிடம், "போன் பண்ணினா சும்மா இருக்காதீங்க, ஒரு 'ம்'மாவது போடுங்க. இல்லன்னா லைன் கட்டா, ஆளு இருக்கீங்களான்னு தெரியல" என்று சொன்னேன். அதற்கும் அவர் 'ம்' போடவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் படியவில்லை. எந்தக் கருவியைச் சோதித்தாலும் ஒரு தாள் எழுத வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். நாம் கை வைக்கும் முன் கருவி என்ன காட்டியது என்பது ஒரு கட்டம். சரிசெய்த பிறகு என்ன காட்டுகிறது என்பது இன்னொன்று. முதல் கட்டத்தை எழுதாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே கூடாது என்பார் சார். எனக்கோ, தப்பு கண்ணில் பட்டதும் கை முந்திக்கொள்ளும். ஒரு அழுத்தமானி ஐம்பதைக் காட்ட வேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டைக் காட்டியது. சட்டென்று திருப்பி ஐம்பதுக்குக் கொண்டுவந்துவிட்டு, சமர்த்தாக நின்றேன்.

"அக்கா, மொதல்ல எவ்வளவு காட்டுச்சு?"

"நாப்பத்தெட்டோ என்னவோ சார். அதான் சரி பண்ணிட்டேன்ல?"

"எவ்வளவு தப்பா இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானேக்கா, இதுவரைக்கும் அத நம்பி செஞ்ச வேல என்னாச்சுன்னு தெரியும்."

சரி சரி என்று தலையாட்டினேன். பரீட்சையிலும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். தலையாட்டியதோடு சரி.

படிப்பு முடிந்ததும் நேரே மில்லுக்குப் போனேன். நல்ல நேரம், பழைய டெக்னீசியன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போயிருந்தார். மேனேஜர் இந்த முறை தலையை நிமிர்த்தினார். "ஒரு மாசம் பாப்போம். சரியா வந்தா இந்த ரூம் ஒன்னுது. வரலன்னா பழைய எடத்துக்குப் போயிடணும், என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். அந்த ரூம் என்பது பாய்லருக்குப் பக்கத்தில் எட்டடிக்கு ஆறடியில் ஒரு தடுப்பு. ஒரு மேஜை, ஒரு சின்ன ஓவன், ஒரு தராசு, இரும்பு அலமாரி. எனக்கு அது அரண்மனையாகத் தெரிந்தது. பழைய இடத்துக்குப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லைதான். ஆனால் இரண்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்து, ஊரெல்லாம் தெரிந்து, மகளிடம் திட்டு வாங்கிப் படித்துவிட்டு, மறுபடி போய் மூட்டை பிடிப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. எப்படியாவது அந்த ரூமில் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த ஒரு மாதமும் வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

ஒன்பதாவது நாள் அது நடந்தது.

எங்கள் ஆலையில் நெல்லை ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, டிரையரில் சூடான காற்றை விட்டுக் காயவைப்பார்கள். டிரையர்காரர் அவ்வப்போது ஒரு கைப்பிடி நெல் எடுத்து ஈரப்பதம் காட்டும் மீட்டரில் போடுவார். பதின்மூன்றரை வந்தால் நிறுத்திக் கொட்டிவிடலாம். அதற்கு மேல் இருந்தால் இன்னும் காய வேண்டும். ஈரத்தோடு கொட்டினால் நெல் குவியலுக்குள் சூடேறிப் புழுங்கும், அரிசி பழுப்பாகும். அன்று மதியம் அவர் வந்து, "மீட்டர் பதினஞ்சுலயே நிக்குதும்மா. வழக்கமா இந்நேரம் காஞ்சிருக்கும். கொஞ்சம் பாரேன்" என்றார்.

இங்கே என் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நெல்லை விற்கக் கொண்டுபோகும் முன் மூன்று நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்போம். மசிந்தால் ஈரம். கடக்கென்று உடைந்தால் காய்ச்சல் போதும். எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். பின்னால் சொந்தமாக முக்கால் காணி நிலம் வாங்கி எங்களுக்கென்று நெல் வந்தபோது, அதைக் கடித்துப் பதம் சொல்கிற வேலை எனக்கு வந்தது. எட்டு வயதிலிருந்து கடிக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு நிற்கிறவர்கள், "இந்தா, கடிச்சு சொல்லு" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் பதினேழு என்றால் அவர்கள் மீட்டரிலும் பதினேழுதான் வரும். அரை கூடலாம், அரை குறையலாம். என் பல்லுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

டிரையரிலிருந்து மூன்று நெல் எடுத்துக் கடித்தேன். கடக், கடக், கடக். அப்படி ஒரு காய்ச்சல்.

"இது பதிமூணரைக்கு மேல ஒரு புள்ளி கெடையாதுண்ணே. மீட்டர்தான் பொய் சொல்லுது" என்றேன்.

டிரையர்காரரும் எங்கள் பக்கத்து ஊர்தான். கொள்முதல் நிலையத்தில் என்னிடம் நெல் நீட்டியவர்களில் ஒருவர். அவரும் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்து, "ஆமா, கடக்குங்குதே" என்றார். எனக்கு அது போதும். மீட்டரின் பொத்தான்களை அமுக்கித் திருத்தம் செய்யும் இடத்துக்குப் போய் ஒன்றரையைக் குறைத்தேன். மறுபடி நெல் போட்டோம். பதின்மூன்றரை. அவர் டிரையரை நிறுத்தினார். பத்து டன் நெல் இறங்கித் தொட்டிக்குள் போனது. மறுநாள் காலை பத்து மணிக்கு அது அரவைக்குப் போக வேண்டும்.

அதோடு விட்டேனா? அந்த மீட்டர் பொய் சொன்னதை மேனேஜரிடம் எழுத்தில் நிரூபிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதே நெல்லைக் கொஞ்சம் பொடித்துச் சரியாகப் பத்து கிராம் நிறுத்து ஓவனில் வைத்தேன். ஈரப்பதத்துக்கு அதுதான் அசல் சோதனை. ஈரம் முழுக்கப் போகக் காயவிட்டு மறுபடி நிறுத்தால், குறைந்த எடைதான் ஈரம். மீட்டர் தப்பு, நான் ரைட்டு என்று தாளும் கையுமாகப் போய் நிற்கப்போகிறேன் என்று நினைத்தபடி சாயங்காலம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சிரித்த முகம்.

காலையில் ஏழரைக்கெல்லாம் வந்து ஓவனைத் திறந்தேன். ஆறவிட்டு நிறுத்தேன். எட்டரை கிராம். பத்தில் ஒன்றரை போயிருக்கிறது. பதினைந்து சதவீதம் ஈரம்.

தராசைச் சரிபார்த்துவிட்டு மறுபடி நிறுத்தேன். எட்டரை. மூன்றாம் முறையும் எட்டரை. மீட்டர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. பொய் சொன்னது என் பல்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வெளியே ஓடினேன். லாரியிலிருந்து இறங்கிய பச்சை நெல், இன்னும் அவிக்காதது, முற்றத்தில் கிடந்தது. அதில் ஒரு பிடி எடுத்து மீட்டரில் போட்டு, நான் குறைத்திருந்த ஒன்றரையைக் கணக்கில் கூட்டிப் பார்த்தேன். பதினைந்து. அதைக் கடித்தேன். மசிந்தது. தொட்டியிலிருந்து அவித்த நெல்லை எடுத்தேன், அதுவும் பதினைந்து. கடித்தேன். கடக். ஈரம் ஒன்றே. ஆனால் ஆவியில் வெந்த அரிசி உள்ளே இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. பல்லுக்குத் தெரிவது கெட்டியா இல்லையா என்பதுதான், ஈரம் தெரியாது. வயலிலிருந்து வந்த நெல்லில் அவை இரண்டும் ஒன்றாகவே போகும். எங்கள் வீட்டில் நெல் அவிக்கிற வழக்கம் நான் பிறக்கும் முன்பே நின்றுவிட்டது, மில்லில் கொடுத்து அரிசியாகவே வாங்குவோம். மில்லில் ஆறு வருஷம் இருந்தும் நான் பிடித்தது அரிசி மூட்டையைத்தான். என் வாழ்நாளில் ஒரு அவித்த நெல்லைக்கூட நான் கடித்துப் பழகியதில்லை. பச்சை நெல்லுக்குப் பழகிய பல்லை நம்பிப் பத்து டன் அவித்த நெல்லைக் கொட்டவைத்திருக்கிறேன்.

மணி எட்டு. பத்துக்கு அரவை.

ரூமுக்கு வந்து மீட்டரைப் பழையபடி வைத்தேன். தாளை எடுத்தேன். முதல் கட்டம் காலி. நேற்று நான் எழுதவே இல்லை. கை முந்திக்கொண்டது. இப்போது எழுதிவிடலாம் என்று மனசு சொன்னது. கை வைக்கும் முன் பதினைந்து, வைத்த பின் பதினைந்து, பிழை இல்லை. முடிந்தது. டிரையர்காரரிடம், கொஞ்சம் ஈரம் தெரிகிறது, இன்னொரு தடவை ஓட்டிவிடலாம் என்று சொன்னால் ஓட்டிவிடுவார். அவருக்கும் அதில் பங்கு இருப்பதால் வாயைத் திறக்க மாட்டார். யாருக்கும் தெரியாது. ரூம் என் கையை விட்டுப் போகாது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. என்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. அலமாரியில் பழைய பதிவேடு இருந்ததை எடுத்துப் புரட்டினேன், முன்பு இருந்தவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்க. மாதா மாதம் ஒரே மாதிரி. கை வைக்கும் முன் சரி, வைத்த பின்னும் சரி. பக்கம் பக்கமாகப் பிழை இல்லை என்றால், பார்க்காமலே எழுதியது என்றுதான் அர்த்தம். நேற்று மதியம் இந்த மீட்டரைப் பொய் என்று நான் சொன்னபோது, அது சரியானது என்று இந்தப் பதிவேட்டைக் காட்டி யாராலும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. அதில் எதை நம்புவது? நானும் அதையே எழுதினால் எனக்கு அடுத்து வருகிறவள் என் தாளைப் பார்த்து இதையேதான் கேட்பாள்.

எழுதினேன். கை வைக்கும் முன்: எழுதாமல் மாற்றிவிட்டேன், நினைவில் இருப்பது பதினைந்து. குறிப்பு: பல்லால் கடித்துப் பார்த்து ஒன்றரை குறைத்தேன். தவறு. ஓவன் சோதனையில் பதினைந்து. பழையபடி வைத்தாயிற்று. பத்து டன் மறுபடி காயவைக்க வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டேன். எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் போனில் யாரிடமோ மதிய லோடு கட்டாயம் ஏறிவிடும் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். சொன்னேன். தாளையும் வைத்தேன். படிக்கப் படிக்க அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பல்லா? பல்லால பாத்தியா?"

"ஆமா சார்."

"அங்க ஒரு மீட்டரு இருக்கு, ஓவன் இருக்கு, தராசு இருக்கு. ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்து நீ பல்ல வச்சுப் பாத்தியா?"

மில் முழுக்கக் கேட்டிருக்கும். பாய்லர் சத்தத்தையும் மீறி அவருக்கு ஒரு குரல். என் வாயே மூடிக்கொண்டு நின்றது அதிசயம். அரவையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார், மதிய லோடுக்காரரைக் கூப்பிட்டுச் சாயங்காலம் என்று மாற்றிக் கெஞ்சினார், நெல்லை டிரையருக்கு ஏற்றச் சொன்னார். கடைசியாக என்னிடம், "போ. அது காயிற வரைக்கும் அங்கயே நில்லு. சாயங்காலம் பேசிக்கிறேன்" என்றார்.

நின்றேன். கால் மணிக்கு ஒரு தடவை நெல் எடுத்து மீட்டரில் போட்டு, ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதினேன். டிரையர்காரர் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். தாளில் அவர் பெயர் இல்லை என்று சொன்னபிறகுதான் எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார். பன்னிரண்டு மணி வாக்கில் பதின்மூன்றரை வந்தது. ஓவனிலும் அவசரச் சோதனை ஒன்று வைத்து ஒத்துப்பார்த்தேன். நெல் கெடவில்லை. ஒரே ஒரு ராத்திரிதான் தொட்டியில் இருந்தது, பிழைத்தது. சாயங்கால லோடும் ஏறிவிட்டது.

ஐந்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். மேஜைமேல் என் தாளும் பழைய பதிவேடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவரே ரூமுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார். காலையில் கத்திய குரல் இல்லை.

"இத எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"நாளைக்கும் அந்த மீட்டர நான்தானே சார் பாக்கணும்? நானே பொய் எழுதிட்டு அத எப்புடி நம்புறது?"

அவர் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "இவ்ளோ நாளா ஒரு தப்புக்கூட இல்லையாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அதை மூடி இழுப்பறைக்குள் போட்டார். "அந்த ஒரு மாசக் கணக்கெல்லாம் வேண்டாம். நாளைக்குக் காலைல ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்துடு. பாய்லர் பக்கம் இருக்குற கேஜ் அத்தனையையும் மொதல்லேருந்து பாரு. ஒவ்வொண்ணும் எவ்வளவு தப்பா இருக்குன்னு எனக்கு எழுதிக் குடு." நான் வாசலுக்குப் போனபோது மறுபடி கூப்பிட்டார். "பாய்லர்ல பல்ல வச்சிராத."

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரூமுக்குப் போகாமல் நேரே மூட்டைப் பிரிவுக்குப் போனேன். தோழியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவள் மிஷினோடு நின்றிருந்தாள். எனக்குப் பதிலாக வந்த பெண் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் நடந்த சத்தம் எல்லோருக்கும் தெரியும். துடைத்தும் சிவந்திருந்த என் கண்ணைத் தோழி ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "நீ போயி அந்தப் பக்கம் பாரு தாயி" என்று தள்ளி நிற்கச் சொன்னாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள், தலையில் கட்டிக்கொள்ள. பிறகு ஒரு காலிச் சாக்கை உதறி என் கையில் கொடுத்தாள்.

ரூம் கைவிட்டுப் போய்த் திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். இத்தனை நாளாக நான் எதற்கு அவ்வளவு பயந்தேனோ, அந்த இடம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாள். துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டையைப் பிடித்தேன். அரிசி விழுந்தது, நிறுத்தேன், அவள் தைத்தாள். பத்து மூட்டை ஆயிற்று.

பதினோராவதைப் பிடித்தபடி சொன்னேன். "நாளைலேருந்து எனக்கு ஆறு மணி ஷிஃப்டு. ரூமு எனக்குத்தானாம்."

மிஷின் நின்றது. "அடிப் பாவி" என்றாள். கையில் இருந்த நூல் கண்டை என்மேல் விட்டெறிந்தாள். "அதச் சொல்லாம இங்க நின்னு என்னடி மூட்ட புடிச்சிக்கிட்டு இருக்க?" என்று கத்தியவள், என் தலையிலிருந்த துண்டைப் பிடுங்கி அதிலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.